அறையில் தங்கிவிட்ட குரல்

மேற்கே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது கீழே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் சமவெளியில், நெடுஞ்சாலையை ஒட்டி, சீமைக்கருவேலங் காட்டை வெட்டிச் சமப்படுத்திய பூமியில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருந்தது. அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துபோய்ச் சேர்வதற்குள் கையில் வாங்கிய டீ ஆறிப்போகும். அங்கே நிரந்தரமானவர்கள் கொஞ்சம் பேரும் நிரந்தரமில்லாதவர்கள் நிறையப் பேரும் வேலை பார்த்தார்கள். நிரந்தரமானவர்கள் காரில் வந்தார்கள், இல்லாதவர்கள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நிரந்தரமானவர்களுக்குத் தனியறையும் கதவில் பித்தளையில் பெயரும் உண்டு, இல்லாதவர்கள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். மயில்கள் மட்டும் யார் யாரென்று பார்க்காமல் எல்லார் சோற்றிலும் பங்கு கேட்டன. பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் மரத்தடிக்காரர்கள்தான்.

அவர்களில் ஒருத்தி செண்பகவல்லி. புவியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்கிற சொல் பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர வேறெங்கும் கண்ணில் படவில்லை. கோடை விடுமுறை வந்ததும் அவளை நிறுத்திவிடுவார்கள், ஜூன் பிறந்ததும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அவளுடைய மகள் பூரணி பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான் நடந்துவந்தது, இப்போது பூரணி எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணவன் சங்கரவேலு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். 'நிரந்தரமாயிட்டா நீங்க வந்துரலாம்' என்று அவள் ஒவ்வொரு வருஷமும் அவனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடியில் பன்னிரண்டாம் அறையில் அவளுக்கு வகுப்பு. எந்தப் புது வருஷத்தையும் பருவக்காற்றில்தான் தொடங்குவாள். "காத்துக்கு ஒரே ஒரு சட்டந்தான்பா. நெறைய இருக்கிற எடத்துலேர்ந்து கொறச்சலா இருக்கிற எடத்துக்குப் போகணும். நம்ம நாட்டுல அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது காத்து ஒண்ணுதான்" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் "புரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பாள். 'புரியுது மேடம்' என்று வந்தால்தான் அடுத்த வரி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரே ஒரு பிள்ளை 'புரியல' என்று முனகினாலும் கோபமோ சலிப்போ இல்லாமல் கரும்பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இது தெரிந்ததால், பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று, புரிந்தவர்களும் புரியாதவர்களும் ஒரே குரலில் 'புரியுது மேடம்' என்று சொல்லிப் பழகியிருந்தார்கள்.

துறைத் தலைவர் தாணுமூர்த்தி ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்த பருவம் அது. அவருடைய வகுப்புகளையும் அவளே எடுத்தாள், மகப்பேறு விடுப்பில் போனவரின் வகுப்புகளையும் அவளே எடுத்தாள், விடைத்தாள் திருத்தப் போனவரின் வகுப்புகளையும் அவளே எடுத்தாள், காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த அறையைவிட்டு இறங்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு மாசி மாதத்துப் பிற்பகலில் மணியடித்தது. சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, அவளுக்குப் பின்னால், மேடையிலிருந்து, அவளுடைய குரல் "இனி வடகிழக்குப் பருவக்காத்தப் பாப்போம்" என்று சொன்னது. மூடிய நோட்டுகளைப் பிள்ளைகள் மறுபடி திறந்தார்கள். மணியடித்துவிட்டது, போங்கள் என்று சொல்வதற்காக அவள் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வெறும் காற்று வந்தது.

முன்வரிசையிலிருந்த பேச்சித்தாய் என்கிற மாணவி எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "நீங்க கெளம்புங்க மேடம், ஒங்களுக்கு பஸ் போயிரும். நாங்க எழுதிக்கிடுதோம்" என்றாள்.

மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவர் அவளுடைய தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒரு கொறையும் இல்லம்மா. கொரல்தான் இல்ல. கடைசியா எங்க வச்சீங்க?" என்று, சாவிக்கொத்தைத் தொலைத்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

அப்படியாக அந்தக் குரல் பன்னிரண்டாம் அறையில் தங்கிவிட்டது. காலை மணிக்குத் தொடங்கும், மாலை மணிக்கு நிற்கும், நடுவில் மணிக்கு மணி பாடம் மாறும். அத்தனை வருஷமாக அவள் பேசியதெல்லாம் அதனிடம் இருந்தது. பல்கலைக்கழகம் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது, அதற்குமேல் பேசவில்லை. இயற்பியல் துறையினர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவர் நன்றாக இருக்கிறது என்றார்கள். தமிழ்த் துறையினர் ஒருநாள் கருத்தரங்கு நடத்திச் சாம்பார் சாதம் போட்டார்கள். கூட்டிப் பெருக்குகிறவர்கள் மேடையைப் பெருக்கும்போது குரலுக்கு வழிவிட்டு ஓரமாகப் பெருக்கினார்கள். மாணவர்கள் தாமதமாக வந்தால் வாசலில் நின்று, ஆளில்லாத மேடையைப் பார்த்து, "மே ஐ கம் இன் மேடம்" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். வெளியூரிலிருந்து வந்த தரமதிப்பீட்டுக் குழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழு வகுப்பையும் கேட்டது. சம்பளம், விடுப்பு, நாற்காலி எதுவும் கேட்காத இப்படி ஓர் ஏற்பாட்டை நாட்டில் வேறெங்கும் பார்க்கவில்லை என்று எழுதி, இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுப் போனது.

அதன்பிறகு மற்றத் துறைத் தலைவர்கள் தங்கள் மரத்தடிக்காரர்களைப் பார்க்கும் பார்வை மாறியது. "செண்பகவல்லி விட்டுட்டுப் போகலையா? நீங்களும் கொஞ்சம் மனசு வச்சா என்ன?" என்று வேதியியல் துறைத் தலைவர் ஒரு கூட்டத்தில் நேரடியாகவே கேட்டார். ஜூனில் பெயர் வராமல் போய்விடுமோ என்கிற பயத்தில் சிலர் மதிய நேரத்தில் வெறும் வகுப்பறைகளுக்குள் போய்ச் சுவரில் வாயை வைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தங்கவில்லை. வெறும் தொண்டை வலியோடு பஸ் ஏறினார்கள்.

வீட்டில் பூரணிக்குத்தான் கஷ்டம். அவளை எழுப்ப அம்மா காலைத் தட்ட வேண்டியிருந்தது; திட்ட வேண்டுமென்றால் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது, எழுதி முடிப்பதற்குள் கோபம் தணிந்துவிட்டது. சங்கரவேலு போன் செய்தால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "என்ன கோவம்ட்டி ஒனக்கு? ஏதாவது சொல்லேன்" என்று அவன் கெஞ்சினான், பூரணி போனைப் பிடுங்கி, "அம்மாவுக்குக் கொரல் இல்லப்பா. காலேஜ்ல இருக்கு" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ எந்திரத்தை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு அதக் கேக்கணும் தாயி" என்றான். அடுத்த நாள் தாயும் மகளும் பன்னிரண்டாம் அறையின் ஜன்னலோரம் நின்று உள்ளே போனை நீட்டினார்கள். மஸ்கட்டில் ஏதோ ஒரு மொட்டை மாடியில், கழற்றிப்போட்ட ஏசி எந்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று எப்படி நுழைகிறது என்பதை அவன் முழுவதுமாகக் கேட்டான். மணியடித்த பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

பூரணி ஜன்னல் கம்பிகளுக்குள் முகத்தைப் புதைத்து, "அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டாள். குரல் அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டாள். வெளியே பக்கத்தில் நின்றிருந்த அம்மாதான் தோளைத் தொட்டாள். பூரணி திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் பிறந்தது. பணி நீட்டிப்பு வந்தவர்களில் செண்பகவல்லி இல்லை. அதே துறையில் அவளோடு வருஷக்கணக்காகக் கௌரவ விரிவுரையாளராக இருந்த சதக்கத்துல்லா அவளைத் தாணுமூர்த்தியின் அறைக்கு அழைத்துப் போனான். அவள் எழுதிக் கொடுத்ததை அவன் வாசித்தான்.

"பாருங்கம்மா, எனக்கு மட்டும் ஆசையா?" என்றார் தாணுமூர்த்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "வகுப்பு காலியா இருந்தாத்தானே ஆள் போட முடியும்? அது பாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கு. நடக்கிற வகுப்புக்கு ரெண்டாவது ஆள் கேட்டா ஆடிட்ல எனக்குத்தானே கேள்வி?"

"சார், நடத்துறதே இவங்கதானே சார்" என்றான் சதக்கத்துல்லா.

"யாரு? இவங்க இங்க உக்காந்திருக்காங்களே."

செண்பகவல்லி இன்னொரு வரி எழுதினாள். சதக்கத்துல்லா அதைப் படித்துவிட்டுத் தயங்கி, "அப்ப எங் குரல எனக்குத் திருப்பிக் கொடுங்கன்னு கேக்காங்க சார்" என்றான்.

"வளாகத்துக்குள்ள உண்டானது எதுவும் வளாகத்துக்குச் சொந்தம். இங்க இருக்கிற பழத்தோட்டத்துக்கும் அதே சட்டந்தான். போன சிண்டிகேட் கூட்டத்துலயே பேசி முடிச்சாச்சு." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சதக்கத்துல்லாவை நிதானமாகப் பார்த்தார். "ஒங்க பேரு இந்தத் தடவ கடைசியிலதான் வந்துது, தெரியும்ல?"

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் சதக்கத்துல்லா அவளிடம் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "அக்கா, என்னயத் தப்பா நெனைக்காதிய. வாப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கு" என்றான். அவள் தலையசைத்தாள். அவன் முன்வாசல் வழியாக ஏறினான், அவள் பின்வாசல் வழியாக ஏறினாள்.

வேலை போனபிறகும் அவள் தினமும் வந்தாள். காவல்காரர்கள் பழக்கத்தில் உள்ளே விட்டார்கள். அறைக்குள் போய் மேடையில் ஏறி, குரல் வரும் இடம் இதுதான் என்று தோன்றிய இடத்தில் நின்று, தண்ணீர்க் குழாயில் வாய் வைப்பதுபோல வாயை அகலத் திறந்துகொண்டு காத்திருந்தாள். குரல் அவள் காதோரமாகவும் கன்னத்தோரமாகவும் கடந்துபோய்ப் பெஞ்சுகளில் இறங்கியது. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள், அவள் நிற்பதைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. சில நாள் தன் உதடுகளைக் குரலோடு சேர்த்து அசைத்துப் பார்த்தாள். அவளுக்கே தெரிந்த வரிகள், அவளுக்கே தெரிந்த மூச்சுகள். இருந்தாலும் அரை நொடி பிந்தியது. அந்த அரை நொடியை அவளால் கடக்கவே முடியவில்லை.

இந்த நிலையில், யாரும் எதிர்பார்க்காமல், புவியியல் துறையில் ஒரு நிரந்தர இடத்துக்கு நேர்முகத் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. செண்பகவல்லி விண்ணப்பித்தாள், அழைப்பும் வந்தது. பூரணி அவளுடைய பட்டுச்சேலைக்கு மடிப்பு வைத்துக் கொடுத்து, "பேசச் சொன்னா எழுதிக் குடும்மா. ஒன் எழுத்து அழகா இருக்கும்லா" என்றாள். நிர்வாகக் கட்டடத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததால் தேர்வைப் புவியியல் துறையின் கூட்ட அறையில் வைத்தார்கள். அதற்கும் பன்னிரண்டாம் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

தேர்வுக் குழுவின் தலைவர் வெளிமாநிலத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த முதியவர், நல்ல மனுஷர். "பருவக்காற்றின் தோற்றத்தை விளக்குங்கள்" என்றார். செண்பகவல்லி தாளை இழுத்து வேகமாக எழுதி நீட்டினாள்.

"இது வாய்மொழித் தேர்வும்மா" என்றார் பதிவாளர். "எழுத்தை வாங்கிக்க விதி இல்ல. வாயால சொல்லுங்க."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், "காத்துக்கு ஒரே ஒரு சட்டந்தான்பா" என்று ஆரம்பித்தது. அறையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது. முதியவர் காதைச் சாய்த்தார். கட்டுப்பட்டு நடப்பது காற்று ஒன்றுதான் என்று வந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள்.

"யார் அது பக்கத்துல எடுக்கிறது? அடடா. நமக்கு வேண்டியது இந்த மாதிரி ஆள்தான்" என்றார் முதியவர்.

செண்பகவல்லி நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். எழுந்து நின்று காட்டினாள். சுவரைக் காட்டினாள், தன் தொண்டையைக் காட்டினாள், மறுபடி சுவரைக் காட்டினாள், வளையல்கள் குலுங்கின. முதியவர் குழப்பத்தோடு தாணுமூர்த்தியைப் பார்த்தார். தாணுமூர்த்தி முன்னால் சாய்ந்து, வருத்தமான குரலில், "கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல சார் அவங்களுக்கு. ரொம்ப நல்ல டீச்சரா இருந்தவங்க" என்றார்.

"பாவம்" என்றார் முதியவர், மனதாரவே. அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த இடம் கிருபாகரன் என்கிற முனைவருக்குப் போனது. அவருக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. நல்ல உயரமும் இருந்தது. அவர் பன்னிரண்டாம் அறையில் மேடை ஏறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, குரலோடு சேர்த்து உதட்டை அசைத்தார். பாடங்களை முன்கூட்டியே ஜன்னலோரம் நின்று கேட்டு மனப்பாடம் செய்திருந்ததால் அவருக்கு அரை நொடிகூடப் பிந்தவில்லை. ஓர் ஆண் வாயிலிருந்து பெண் குரல் வருவதைப் பிள்ளைகள் முதல் நாள் கவனித்தார்கள், இரண்டாம் நாள் வருகைப் பதிவு அவர் கையில் இருப்பதைக் கவனித்தார்கள், அதற்குப் பிறகு "புரியுது சார்" என்று சொல்லத் தொடங்கினார்கள். கதவில் அவர் பெயரைப் பித்தளையில் பொறித்துப் பதித்தார்கள்.

செண்பகவல்லி வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், உலை கொதித்து வழிந்தாலும் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பூரணி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, சீருடையோடு டவுன் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மாடிப்படியில் சதக்கத்துல்லா எதிரில் வந்தான். அவளையும் பன்னிரண்டாம் அறையையும் மாறி மாறிப் பார்த்தான். அறையின் பின்கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மேடையில் கிருபாகரன் கையை ஆட்டி ஆட்டி அம்மாவின் குரலுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தார். "புரியுதா?" என்றது குரல்.

"புரியுது சார்" என்றது வகுப்பு.

"எனக்குப் புரியல" என்றாள் பூரணி.

குரல் நின்றது. அறையில் மின்விசிறிகள் மட்டும் சுற்றின. பிறகு அது, கோபமோ சலிப்போ இல்லாமல், எத்தனையோ வருஷம் அந்த மேடையில் நின்று சொன்ன அதே பொறுமையோடு, "பரவால்ல, மொதல்லேர்ந்து பாப்போம். காத்துக்கு ஒரே ஒரு சட்டந்தான்பா" என்றது. கிருபாகரனுடைய வாயோ அடுத்த வரிக்குப் போய்விட்டது. வடகிழக்குக்கு ஏற்றாற்போல உதடு அசைய, குரல் தென்மேற்கில் இருந்தது. அவர் வாயை மூடினார், திறந்தார், கரையில் விழுந்த மீனைப்போல மறுபடி மூடினார். யாரோ சிரித்தார்கள். "புரியுதா?" என்று குரல் கேட்டபோது பூரணியோடு பேச்சித்தாயும் "புரியல மேடம்" என்றாள். மூன்றாம் தடவை பாதி வகுப்பு சொன்னது. சாயங்கால மணியடித்தபோதும் பாடம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. சந்தேகத்தோடு ஒரு பிள்ளை இருக்கும்போது பாதியில் நிறுத்த அந்தக் குரலுக்குத் தெரியாததால், அது மணிக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தது. பூரணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "புரியல" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா அவளுக்குத்தான் பதில் சொன்னாள்.

அந்த வாரம் முழுவதும் இதே கதை. தேர்வு நெருங்கியது, பாடத்திட்டம் அசையவில்லை. விசாரணைக் குழு போட்டார்கள். கிருபாகரன் வாயசைத்ததை அத்தனை பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள், குழுவும் கேட்டுக்கொண்டது. முடிவில், பன்னிரண்டாம் அறை பாடம் நடத்தத் தகுதியற்றது என்று குழு கண்டுபிடித்தது. கிருபாகரனைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் தர மையத்துக்கு இயக்குநராக்கி ஏசி அறையில் உட்காரவைத்தார்கள். பின்கதவைத் திறந்துவிட்டவன் யாரென்று தாணுமூர்த்திக்குத் தெரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. அடுத்த ஜூனில் சதக்கத்துல்லாவின் பெயர் கடைசியில்கூட வரவில்லை.

பன்னிரண்டாம் அறையைப் பூட்டினார்கள். ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தார்கள். பூட்டிய அன்று காலை மணிக்கு உள்ளே குரல் வழக்கம்போலத் தொடங்கியது, காற்றையும் சட்டத்தையும் சொன்னது, சிரிப்புக்காகக் கொஞ்சம் இடம் விட்டது, பிறகு "புரியுதா?" என்று கேட்டது. பதில் சொல்ல ஆளில்லை. அது காத்திருந்தது. மணியடித்தது, மறுமணியடித்தது, அது காத்திருந்தது. அப்புறம் அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பேச்சித்தாய் படிப்பை முடித்துப் போகிற அன்று கதவில் வாய் வைத்து, "புரியுது மேடம்" என்று கத்திப் பார்த்தாளாம். கதவு தடிமனானது. நிர்வாகம் அங்கே பழைய நாற்காலிகளைப் போட்டு வைக்க இடம் கேட்டிருக்கிறது.

செண்பகவல்லி ஊருக்கு வெளியே உள்ள நூற்பு மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எந்திரங்களின் இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. பெண்கள் எல்லாரும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டார்கள். பஞ்சுத் தூசி பறக்கும் வரிசைகளுக்கு நடுவில் அவளுக்குக் குரல் இல்லை என்பதே கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது மேஸ்திரி மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, மேலும் கீழும் பார்த்தார்.

"வாய் பேசாதா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப சங்கம் கிங்கம்னு போக மாட்ட. கேட்டுல நின்னு கோஷம் போட மாட்ட." அவருக்கு முகம் மலர்ந்தது. மணியை அழுத்தி குமாஸ்தாவை வரவழைத்து, "இந்தம்மாவ இந்த மாசத்துலேர்ந்து நிரந்தரம் பண்ணிரு" என்றார்.